தலைவர்க்கும் ஓர் ஆசான் – மருத்துவமனைகள் கற்றுக்கொண்ட பாடம்

ஒரே நகரத்தில் இரண்டு மருத்துவமனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே மருந்துகள். ஒரே வகைக் கருவிகள். ஒரே கல்லூரியில் படித்துத் தேறிய டாக்டர்கள். முதல் மருத்துவமனையில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர் சில நாட்களில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். இரண்டாவதில் அதே அறுவை செய்துகொண்டவர் மேலும் பல நாட்கள் கட்டிலிலேயே கிடக்கிறார். முதலாவதில் வேலைக்குச் சேர்ந்த செவிலியர் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கின்றனர். இரண்டாவதிலோ வந்தவர் வந்த வேகத்திலேயே விலகிப் போகின்றனர். இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன?

மருந்து காரணமன்று; கருவியும் காரணமன்று. அப்படியானால் வேறு எது?

இக்கேள்வியை 1950களில் இங்கிலாந்தில் எழுப்பியவர் ஒரு டாக்டர் அல்லர். இயற்பியல் படித்த ஒருவர். அவர் கண்ட விடை எளிமையானது. ஆனால் பலருக்குக் கசப்பானது. கீழே பணிபுரிபவர் கேள்வி கேட்கும்போது மேலே இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அந்த வேற்றுமைக்குப் பெரிய காரணம் என்றார் அவர்.

மருத்துவமனையில் தலைமை தாங்குவோருக்குத் தனியே பயிற்சி தர வேண்டும் என்னும் எண்ணம் இன்று உலகெங்கும் பரவி வருகிறது. நோயாளிக்கு மருத்துவர் இருப்பதுபோல, மருத்துவரின் தலைமைத் திறனைக் கவனிக்கவும் ஒருவர் அமர்த்தப்படுகிறார். இதனை ‘எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங்’ என்கின்றனர். ஏதோ நேற்று முளைத்த நாகரிகம்போல் இது தோன்றும். உண்மையில் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

வண்டியிலிருந்து வந்த சொல்

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இரயிலில் நாம் ஏறும் ‘கோச்’, கிரிக்கெட் வீரருக்குக் கற்றுத்தரும் ‘கோச்’ இரண்டும் ஒரே சொல்தான். ஹங்கேரி நாட்டில் கோச் என்றொரு சிற்றூர் உண்டு. ஐரோப்பியப் பயணிகள் விரும்பிய குதிரை வண்டிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூரில் செய்யப்பட்டன. ஊரின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று. அடுத்த நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வு என்னும் மேட்டைக் கடத்திவிடும் தனி ஆசிரியரை வேடிக்கையாகக் ‘கோச்’ என்று அழைத்தனர். அங்கிருந்து அது படகுப் பந்தயத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போயிற்று; 1980களில் தொழில் நிறுவனங்களின் மேலதிகாரிகள் அறைக்குள்ளும் நுழைந்தது.

இச்சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. போகவேண்டிய இடத்தை முடிவு செய்வது பயணியே. கொண்டுசேர்க்க உதவுவது மட்டுமே வண்டியின் வேலை. நல்ல பயிற்றுநரும் அப்படியே. அவர் விடை சொல்லித் தருபவர் அல்லர். பயிற்சி பெறுபவரே விடை காணும்படி கேள்வி கேட்பவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

கடிதத்தில் நடந்த பயிற்சி

‘விளக்கேந்திய சீமாட்டி’ என்று பாடப்புத்தகங்களில் நாம் படித்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் காயமுற்றவர்களைக் கவனிக்க 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 38 செவிலியருடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி சென்றார். அவர் பெயரால் மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இவை பலரும் அறிந்தவை. அப்பள்ளியின் நோக்கம் நோயாளியைக் கவனிக்கக் கற்றுத்தருவது மட்டுமன்று என்பதைச் சிலரே அறிவர். பிற மருத்துவமனைகளுக்குச் சென்று அவற்றைத் திருத்தி அமைக்கக்கூடிய தலைவிகளை உருவாக்குவதும் அதன் குறிக்கோள்.

அங்கே ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் ஒரு குறிப்பேடு நிரப்பப்பட்டது. காலந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை ஆகியவற்றோடு ‘வார்டை நடத்தும் திறன்’ என்பதற்கும் அதில் இடம் இருந்தது. நோயாளிக்குக் கட்டுப்போடத் தெரிந்தால் மட்டும் போதாது. பலர் வேலை செய்யும் ஓர் இடத்தை நடத்தவும் தெரியவேண்டும் என்பது நைட்டிங்கேலின் உறுதியான கருத்து. பொறுப்பில் இருப்பவர் எல்லாவற்றையும் தாமே செய்பவர் அல்லர். தாம் இருக்கும்போது நடப்பது, தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்பவரே பொறுப்பாளர் என்று அவர் தம் நூலில் விளக்கினார். இன்றைய நிர்வாகப் பள்ளிகள் பக்கம் பக்கமாகப் போதிக்கும் பாடம் இதுதான்.

இப்பாடத்தின் விலை எவ்வளவு என்பதை ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் பெண்ணின் வாழ்க்கை காட்டுகிறது. லிவர்ப்பூல் நகரின் ஏழையர் விடுதியோடு இணைந்த மருத்துவமனைக்கு 1865இல் இவர் தலைவியாகச் சென்றார். கூடச் சென்ற பயிற்சி பெற்ற செவிலியர் 12 பேர். நோயாளிகளோ ஆயிரத்துக்கும் மேல். குடிப்பழக்கம், திருட்டு, ஒழுங்கீனம் ஆகியவை மலிந்திருந்த இடம் அது. மூன்றே ஆண்டுகளில் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார் ஆக்னஸ். ஆனால் பெரும் பொறுப்பு அவர் ஒருவர் தோளிலேயே இருந்தது. 1868 பிப்ரவரியில், 35 வயதில், டைபஸ் காய்ச்சலுக்கு இரையானார்.

1870களில் நைட்டிங்கேல் தம் பள்ளியை நேரடியாகக் கவனிக்கத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அவர் பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஆகவே பயிற்சி முடித்தவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தனித்தனியே உரையாடினார். அவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அவர்கள் ‘மேட்ரன்’ எனப்படும் தலைமைச் செவிலியராக வெளியூர் சென்றபின், கடிதங்கள் வாயிலாகத் தொடர்ந்து துணை நின்றார். எடின்பர்க் ராயல் மருத்துவமனையின் தலைவியான ஏஞ்சலிக் பிரிங்கிள், இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனைக்குத் தலைவியான ரேச்சல் வில்லியம்ஸ் ஆகியோர் இவ்வாறு அவருடைய அன்புக்கும் அறிவுரைக்கும் உரியவராயினர். டாக்டர்களோடு பிணக்கு, நிர்வாகக் குழுவோடு வழக்கு, தம் திறமையில் ஐயம், உடற்சோர்வு என எல்லாம் அக்கடிதப் போக்குவரத்தில் இடம்பெற்றன. ‘பதவியை விட்டுவிடலாமா?’ என்று ஒருத்தி கலங்கும்போது, அவளைக் கேட்கவும் தேற்றவும் கண்டிக்கவும் ஒருவர் இருந்தார். பெயர் அப்போது வழங்கவில்லையே தவிர, நடந்தது தலைமைப் பயிற்சிதான்.

எனினும் இதில் ஒரு குறை உண்டு. எல்லாம் ஒருவரைச் சார்ந்திருந்தது. அவர் விருப்பு வெறுப்புகளும் அதில் கலந்திருந்தன. ஒரு மாமனிதரின் அன்பு, ஒரு முறையாக மாறவில்லை. 1910இல் அவர் மறைந்தார். மருத்துவமனைகளில் எஞ்சியவை சீருடையும் கட்டுப்பாடும் அதிகாரப் படிநிலையுமே.

‘பத்தாம் கட்டில் கல்லீரல்’

1950களின் பிற்பகுதி. இலண்டனில் மருத்துவக் கல்வி தரும் பெரிய மருத்துவமனை ஒன்று, டாவிஸ்டாக் நிலையம் என்னும் சமூக ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியை நாடியது. மாணவச் செவிலியரை எந்த வார்டில் எப்போது பணிக்கு அமர்த்துவது என்பதில் அவர்களுக்குச் சிக்கல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவியர் பயிற்சியை முடிக்காமலேயே விலகிக்கொண்டிருந்தனர். இதை ஆராய வந்தவர் இசபெல் மென்சீஸ் என்னும் உளவியல் அறிஞர்.

அவர் கண்டவை வியப்பளித்தன. செவிலியர் நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘பத்தாம் கட்டில் கல்லீரல்’ என்பதுபோலப் படுக்கை எண்ணையும் நோயுற்ற உறுப்பையும் சொன்னார்கள். ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிப்பதில்லை. முப்பது பேருக்கும் ஒரே வேலையைச் செய்துவிட்டு நகர்ந்தாள். சிறு முடிவைக்கூடத் தானே எடுக்காமல் மேலே தள்ளினர். ஒன்றைப் பலமுறை சரிபார்த்தனர். தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்தனர், விதி அப்படி!

இவையெல்லாம் மூடத்தனம் என்று மென்சீஸ் சிரிக்கவில்லை. ‘ஏன் இப்படி?’ என்று கேட்டார். நோயையும் வலியையும் சாவையும் நாள்தோறும் நேரில் பார்ப்பது எளிதன்று. இருபது வயதுப் பெண் ஒருத்தி, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று வெள்ளைத் துணிக்குள் போவதைப் பார்க்கிறாள். அந்தக் கலக்கத்தைத் தாங்க யாரும் அவளுக்கு உதவவில்லை. எனவே நிறுவனமே தன்னை அறியாமல் ஓர் அரண் கட்டிக்கொண்டது. நோயாளியை எண்ணாக மாற்று. வேலையைத் துண்டு துண்டாக்கு. பொறுப்பை மேலே தள்ளு. அப்போது மனம் நோகாது.

ஆனால் அரணே சிறையாகிவிட்டது என்பது அவருடைய முடிவு. அக்கறை காட்டவே இத்தொழிலுக்கு வந்த மாணவிகளுக்கு, அக்கறை காட்டும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. விலகிப் போனவர்களில் பலர் நல்ல திறமைசாலிகள். 1959–60இல் வெளியான இந்த ஆய்வு, நிறுவன உளவியலில் இன்றும் படிக்கப்படுகிறது. மருத்துவமனையின் முதல் நோய் அச்சம். அதைப் பேச இடமில்லாமை இரண்டாவது நோய் என்பதை அது காட்டிற்று.

மருத்துவரே ஒரு மருந்து

பேச இடம் தந்தால் என்ன ஆகும்? அதே காலத்தில், அதே டாவிஸ்டாக் வட்டாரத்தில் இதற்கு ஒரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. மைக்கேல் பாலின்ட் என்பவர் புடாபெஸ்டில் பிறந்து, 1939இல் இங்கிலாந்தில் குடியேறிய மருத்துவர்; உளப்பகுப்பாய்வு அறிஞர். 1950இலிருந்து அவர் குடும்ப மருத்துவர்கள் சிலரை வாரம் ஒருமுறை கூட்டி வைத்தார். விரிவுரை கிடையாது; பாடக்குறிப்பு கிடையாது. ஒரு மருத்துவர் தம்மைத் தொல்லைப்படுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். ‘எத்தனை மருந்து கொடுத்தும் இவர் திரும்பத் திரும்ப வருகிறார்; இவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது’ என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வார். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள்; பிறகு வினவுவார்கள்.

நோயாளிக்குத் தரப்படும் மருந்துகளிலேயே மிகுதியாகப் பயன்படுவது மருத்துவர்தாம் என்று பாலின்ட் கருதினார். ஆனால் அந்த ‘மருந்தை’ எந்த அளவில், எத்தனை வேளை தருவது, அதன் பக்கவிளைவு என்ன என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. அதை மருத்துவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர்தாம் கற்கவேண்டும். 1957இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப்பின் இத்தகைய ‘பாலின்ட் குழுக்கள்’ பல நாடுகளில் தோன்றின. இன்றும் நடைபெற்று வருகின்றன.

கேள்வியின் வலிமை

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட இயற்பியலாளரிடம் இப்போது வருவோம். அவர் பெயர் ரெஜ் ரெவான்ஸ். 1907இல் பிறந்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளத் தாண்டுதலில் பிரிட்டனுக்காகப் பங்கேற்றவர். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே. ஜே. தாம்சன், ரூதர்ஃபோர்டு போன்ற மேதைகளின் நிழலில் ஆராய்ச்சி செய்தவர்.

அங்கே அவரைக் கவர்ந்தது அணுவைவிட, அணு விஞ்ஞானிகள் நடந்துகொண்ட முறை. வாரந்தோறும் கூடும் அவர்கள் தம் வெற்றிகளைப் பேசவில்லை. ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்று தம் அறியாமையையே ஒருவருக்கொருவர் எடுத்துவைத்தனர். நோபல் பரிசு பெற்றவர் தெரியாது என்று சொல்லத் தயங்காதபோது மற்றவர் ஏன் தயங்க வேண்டும்?

இன்னொரு நிகழ்ச்சியும் அவர் மனத்தில் பதிந்திருந்தது. அவருடைய தந்தை கப்பல்களைச் சோதிக்கும் அரசு அலுவலர். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் பற்றிய விசாரணையில் பணியாற்றியவர். அந்த விசாரணையில் கற்ற பெரிய பாடம் என்ன என்று மகன் பின்னாளில் கேட்டபோது, புத்திசாலித்தனத்துக்கும் ஞானத்துக்கும் உள்ள வேறுபாட்டை மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று தந்தை சொன்னாராம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ரெவான்ஸ் நிலக்கரிச் சுரங்கத் துறையில் கல்விப் பொறுப்பு ஏற்றார். சுரங்க மேலாளர்களை வகுப்பறைக்கு அழைக்காமல், ஒருவர் சுரங்கத்துக்கு மற்றவர் சென்று பார்த்துச் சிக்கல்களைக் கலந்து பேசும்படி செய்தார். இதுவே ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் முறைக்கு வித்து. 1955இல் மான்செஸ்டரில் தொழில் நிர்வாகப் பேராசிரியரானபின் அவர் பார்வை மருத்துவமனைகள் பக்கம் திரும்பிற்று. மாணவச் செவிலியர் ஏன் விலகுகின்றனர் என்பதே அங்கும் கேள்வி.

மான்செஸ்டரைச் சுற்றியிருந்த பொது மருத்துவமனைகள் பலவற்றை அவர் அளந்து ஒப்பிட்டார். எத்தனை மாணவியர் விலகினர், வார்டு சிஸ்டர்கள் எத்தனை காலம் நிலைத்தனர், ஒரே வகை நோய்க்கு நோயாளி எத்தனை நாள் தங்கினார் என்று கணக்கிட்டார். இவை தனித்தனிச் செய்திகள் அல்ல என்பது விளங்கிற்று. மாணவியர் நிலைத்து நிற்கும் மருத்துவமனையில் சிஸ்டர்களும் நிலைத்து நின்றனர். நோயாளிகளும் விரைவில் வீடு திரும்பினர்.

இவற்றை இணைத்த சரடு எது? வார்டு சிஸ்டர்களின் மனப்பான்மை. மாணவி கேள்வி கேட்டால் எரிந்துவிழாத சிஸ்டர் உள்ள இடத்தில் மாணவி கற்றாள். ஆனால் அந்தச் சிஸ்டர் அப்படி நடந்துகொண்டது அவருடைய பிறவிக் குணத்தால் மட்டுமன்று. அவருடைய ஐயங்களுக்கு மேட்ரனும் டாக்டர்களும் காது கொடுத்தனரா என்பதைப் பொறுத்தே அது அமைந்தது. மேலிருந்து கேட்கப்படாதவர் கீழே இருப்பவரைக் கேட்பதில்லை. அச்சம் ஏணிப்படி வழியே இறங்கி, கடைசியில் நோயாளியின் கட்டிலை அடைகிறது. 1964இல் வெளியான தம் நூலில் ரெவான்ஸ் இதை விரிவாக எழுதினார்.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. 1965 முதல் 1968 வரை இலண்டனின் பத்து மருத்துவமனைகளில் ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. டாக்டர், செவிலி, நிர்வாகி ஆகியோர் அடங்கிய குழுக்கள் தம் மருத்துவமனைகளின் சிக்கல்களைத் தாமே ஆராய்ந்தன. வெளியிலிருந்து வந்த நிபுணர் மருந்துச்சீட்டு எழுதித் தரவில்லை. துன்பத்தில் தோழராக உள்ளவர்கள் ஒருவர்க்கொருவர் ஆசானாயினர். எல்லா மருத்துவமனைகளும் ஒரே அளவில் பயன் பெறவில்லை. மேலிடத்து டாக்டர்களும் நிர்வாகிகளும் உளமார ஈடுபட்ட இடங்களிலேயே மாறுதல் வேரூன்றிற்று. இதுவும் அவர் கொள்கைக்கு ஒரு சான்றுதானே!

கற்றல் என்பது கற்பிக்கப்பட்ட அறிவும் கேள்வி கேட்கும் திறனும் சேர்ந்தது என்பது ரெவான்ஸின் சூத்திரம். முதலாவதைப் புத்தகம் தரும். இரண்டாவதை, நம்மை நம்பிக் கேள்வி கேட்கும் மனிதர்கள்தாம் தரமுடியும்.

யார் இங்கே பொறுப்பாளர்?

அரசு வேறு வழியில் சென்றது. 1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி நாளடைவில் மாபெரும் நிறுவனமாக வளர்ந்தது. தேநீர்க் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த பிரையன் சால்மன் தலைமையிலான குழு, செவிலியர் பதவிகளைச் சீரமைக்கும் அறிக்கையை 1966இல் தந்தது. மேட்ரன் என்ற பழைய பதவி மறைந்து, எண்ணிட்ட படிநிலைகள் வந்தன. மூத்த செவிலியர்க்கு நிர்வாகப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. பயன் இருந்தது, ஆனால் அனுபவமுள்ளவர்கள் வார்டைவிட்டு அலுவலக மேசைக்குப் போய்விட்டனர் என்ற குறையும் எழுந்தது.

1983இல் வந்தார் ராய் கிரிஃபித்ஸ். இவர் ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் இயக்குநர். நைட்டிங்கேல் இன்று விளக்கோடு மருத்துவமனை நடைவழிகளில் வந்தால், நோயாளியை அன்று, பொறுப்பாளர் யார் என்பதையே தேடிக்கொண்டிருப்பார் என்ற பொருள்பட அவர் எழுதினார். அதன்பின் பொது மேலாளர்கள் நியமிக்கப்பட்டனர். பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். அவர் கேட்கத் தெரிந்தவரா என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

வாய்மூடியதன் விலை

அக்கேள்விக்கு விடை கொடுமையான வடிவில் வந்தது. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கு நடந்த இதய அறுவைகளில் இறப்பு மிகுதி என்பதை, 1988இல் அங்கு வந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் கவனித்தார், எடுத்துச் சொன்னார். கேட்பார் இல்லை. பேராசிரியர் இயன் கென்னடி தலைமையிலான விசாரணைக் குழு 2001இல் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர், எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேல் இறந்திருந்தனர் என்று அது கூறிற்று. அங்கே இருந்தவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் மேலிருப்போர் ஒரு சிறு வட்டமாகச் சேர்ந்துகொண்டு, வெளிக்குரல் உள்ளே வராத சூழலை உண்டாக்கியிருந்தனர்.

ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தது இன்னொரு சோகம். குடிக்கத் தண்ணீரும் இன்றியமையாக் கவனிப்பும் இன்றி நோயாளிகள் வாடினர். நிர்வாகமோ நிதி இலக்குகளில் கண்ணாயிருந்தது. 2013இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் தந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் பண்பு வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990களில் செய்த ஆய்வு இங்கே பொருத்தமானது. இரண்டு மருத்துவமனைகளின் எட்டுச் செவிலியர் பிரிவுகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரும் அப்படியே எதிர்பார்த்தார். கிடைத்த எண்களோ நேர்மாறாக இருந்தன! நல்ல பிரிவுகளில்தாம் தவறுகள் மிகுதி!

விளக்கம் பின்னர்தான் புலப்பட்டது. நல்ல பிரிவில் தவறுகள் மிகுதியாக நடக்கவில்லை, மிகுதியாகச் சொல்லப்பட்டன. கடுமையான தலைவியின்கீழ்த் தவறுகள் மறைக்கப்பட்டன. மறைத்த தவறு திருந்துவதில்லை; நாளை இன்னொரு நோயாளியிடம் மீண்டும் நேர்கிறது. ‘பேசினால் அவமானமோ தண்டனையோ வராது’ என்ற நம்பிக்கை ஒரு குழுவுக்கு எவ்வளவு தேவை என்பதை 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் நிறுவினார். ரெவான்ஸ் சொன்னதற்கு மற்றொரு கரையிலிருந்து வந்த சான்று இது.

அறுவை அறையில் ஆசான்

கீழே இருப்பவரைக் கேட்கத் தலைவர் கற்கவேண்டும், சரி. அந்தத் தலைவரின் குறையைத் தலைவருக்கு யார் சொல்வது?

அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே இதைத் தம்மிடமே சோதித்தார். டென்னிஸ் வீரருக்கும் பாடகருக்கும் பயிற்றுநர் இருக்கும்போது, மருத்துவர் மட்டும் பட்டம் பெற்றதும் ஏன் தனித்து விடப்படுகிறார் என்று அவர் கேட்டார். தமக்குக் கற்றுத்தந்து ஓய்வு பெற்றிருந்த ராபர்ட் ஆஸ்டீன் என்னும் அறுவை மருத்துவரை அழைத்து, தாம் தைராய்டு அறுவை செய்வதைக் கவனிக்கச் சொன்னார். நன்றாகவே நடந்ததாக அவர் நினைத்த அறுவையில், ஆஸ்டீன் பல சிறு குறைகளைக் குறித்திருந்தார். முழங்கை சில வேளைகளில் தோள் உயரத்துக்கு எழுகிறது; விளக்கொளி காயத்தைவிட்டு விலகியதைக் கவனிக்கவில்லை! இந்த அனுபவத்தை அவர் 2011இல் கட்டுரையாக எழுதியபோது மருத்துவ உலகில் பெரும் விவாதம் எழுந்தது. நோயாளி தம் மருத்துவருக்கும் ஓர் ஆசான் உண்டு என்றறிந்தால் நம்பிக்கை இழப்பாரோ என்ற அச்சம் பலருக்கு. வல்லவர் கற்கத் தேவையில்லை என்னும் பழைய எண்ணமே அந்த அச்சத்தின் வேர்.

மருத்துவரின் மனச்சோர்வும் இன்று பெரிய சிக்கல். மேயோ கிளினிக் நிறுவனத்தைச் சேர்ந்த 88 மருத்துவர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குத் தொழில்முறைப் பயிற்றுநர் ஒருவருடன் தொலைபேசியில் ஆறு முறை உரையாட வாய்ப்புத் தரப்பட்டது. எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரமே. ஐந்து மாதத்துக்குப்பின், மிகுந்த உணர்ச்சிச் சோர்வுக்கு ஆளானோரின் விழுக்காடு அவர்களிடம் 19.5 புள்ளி குறைந்திருந்தது. உரையாடல் கிடைக்காத பகுதியினரிடம் 9.8 புள்ளி கூடியிருந்தது. ஆயினும் வேலையில் மனநிறைவு முதலிய சிலவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளலாகாது. ஆளே போதாத வார்டில், இருபது மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு வேண்டியது பயிற்றுநர் அன்று; துணைக்கு இன்னொரு செவிலி. அமைப்பின் குறையைத் தனிமனிதரின் குறையாகக் காட்ட இப்பயிற்சி ஒரு சாக்காகிவிடக் கூடாது.

மிகக் குறைந்த செலவில்

நைட்டிங்கேலின் கடிதங்கள் முதல் தொலைபேசி உரையாடல்கள் வரை, முறைகள் பல மாறிவிட்டன. மாறாத உண்மை ஒன்றே. அக்கறை என்பது ஊற்றுப்போல ஒருவரிடமிருந்து தானாகப் பெருகிக்கொண்டே இருப்பதன்று. செவிலி நோயாளிக்குக் காது கொடுக்கவேண்டுமானால், செவிலிக்குக் காது கொடுக்க ஒருவர் வேண்டும். அவருக்கும் ஒருவர் வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் துன்பப்படுபவர் கடைசியில் கட்டிலில் கிடப்பவரே.

இதைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை டாக்டர்களாகவும் செவிலியராகவும் மருத்துவமனை நிர்வாகிகளாகவும் ஆவீர்கள். புதிய ஸ்கேன் கருவி வாங்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ‘இந்த மருந்தின் அளவு சரிதானா?’ என்று, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பெண் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, நின்று, திரும்பிப் பார்த்து, ‘நல்ல வேளை கேட்டாய், சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்ல ஒரு காசும் செலவில்லை. ஆனால் அதைச் சொல்லப் பழகவேண்டும். பழக்கித் தர ஒருவரும் வேண்டும்.